கடைசி நாளையும் முழு நாளாக நடத்துங்கள்: ஏப்ரல் சீசன் நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

நுவரெலியாவில் ஆண்டுதோறும் ஏப்ரல் சீசன் என்கிற மாதம் முழுக்க நடக்கும் கொண்டாட்டத்தை நடத்துகிற பெரியவர்களுக்கும், திடலைக் குத்தகைக்கு எடுத்து இராட்டினமும் கடைகளும் போடுகிற முதலாளிமாருக்கும் வணக்கம்.

சென்ற ஏப்ரல் 30ஆம் திகதி பிற்பகல் 1.40க்குப் பெரிய இராட்டினத்தின் முதல் தொட்டிலைக் கழற்றித் தரையில் வைத்தார்கள். இவ்வளவு துல்லியமாக நேரம் சொல்வதற்குக் காரணம் உண்டு. இரண்டு மணி பஸ்ஸில் என் மனைவி வரவேண்டியிருந்தது. ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம் கைத்தொலைபேசியை எடுத்துப் பார்த்துக்கொண்டே நின்றேன். என் சட்டைப்பையில் அதே இராட்டினத்துக்குக் காலையில் வாங்கிய மூன்று டிக்கெட்டுகள் இருந்தன.

டிக்கெட் காசைத் திருப்பிக் கேட்டு இதை எழுதவில்லை. 600 ரூபாய், போனது போகட்டும். கடைசி நாளில் சீசனுக்கு யார் வருகிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறேன். அதைச் சொல்லிவிட்டுத்தான் கேட்க வேண்டியதைக் கேட்கப்போகிறேன்.

நான் தலவாக்கலையில் ஒரு இரும்புக் கடையில் கணக்கு எழுதுகிறவன். குடியிருப்பது நானுஓயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டில். மனைவி கொழுந்து பறிக்கிறாள். அம்மாவும் 38 வருடம் கொழுந்து பறித்துவிட்டு இப்போது வீட்டில் இருக்கிறார். மகளுக்கு ஒன்பது வயது. அன்று அவளுக்குப் பாடசாலை இருந்தது. அவளுடைய வகுப்பாசிரியை இதைப் படிக்க நேர்ந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் கொடுத்தனுப்பிய கடிதத்தில் காய்ச்சல் மட்டும்தான் பொய், கையெழுத்து என்னுடையதுதான்.

முப்பது நாள் நடக்கிற சீசனுக்குக் கடைசி நாள் பார்த்து ஏன் வந்தாய் என்று கேட்பீர்கள். முதலாம் திகதி பாண்டு வாத்தியத்தோடு நீங்கள் ஆரம்பித்து வைக்கும்போது எங்கள் லயத்தில் எல்லோரும் பத்தாம் திகதிச் சம்பளத்துக்காகக் காத்திருக்கிறோம். பத்தாம் திகதி வாங்குகிற சம்பளம் 14ஆம் திகதிக்குள் புத்தாண்டு உடுப்பாகவும் தேங்காயெண்ணெயாகவும் பலகாரமாகவும் மாறிவிடும். மிச்சம் பிடித்ததைக் கோயில் திருவிழா வரி வாங்கிக்கொள்ளும். அடுத்த பத்து நாளும் ஊருக்குள் கால் வைக்க முடியாது. கண்டிப் பக்கத்திலிருந்து இறம்பொடை வழியாக ஏறுகிற வாகனங்களும், வெலிமடைப் பக்கத்திலிருந்து ஹக்கலை வழியாக வருகிறவையும் சேர்ந்து எங்கள் பஸ்ஸை நத்தையாக்கிவிடும். ஒரு பிளேன்டீயின் விலையைக் கேட்டாலே குளிர் விட்டுப்போகும். அந்தக் கூட்டத்தின் மேல் எங்களுக்குப் பொறாமை எதுவும் இல்லை. எங்கள் பிள்ளைகளில் பாதிப்பேர் அந்த நாட்களில் விடுதிகளில் படுக்கை விரித்தும், வீதியோரத்தில் கரட்டும் லீக்சும் விற்றும் நாலு காசு பார்க்கிறார்கள்.

வேறொரு காரணமும் உண்டு. கொழும்பிலிருந்து வருகிறவர்களுக்கு அது தெரிய வழியில்லை. ஆனால் இங்கேயே இருக்கிற உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். மார்ச் கடைசியில் விழுகிற மழைக்குத் தேயிலை சேர்ந்தாற்போல் துளிர் விடும். உங்களுக்குப் பூ பூக்கிற மாதம் எங்களுக்குக் கொழுந்து குவிகிற மாதம். அந்த மாதத்தில் லீவு என்று வாயைத் திறந்தால் கங்காணி முகம் கொடுக்கமாட்டார். 25ஆம் திகதி எங்கள் தோட்டத்தில் முற்பணம் கொடுப்பார்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால் மிச்சமிருப்பது நாலைந்து நாள். அதற்குள் வண்டிகள் இறங்கிப் போயிருக்கும், விலையும் இறங்கியிருக்கும். கம்பளிச் சட்டைக் கடைக்காரர் மூட்டையைத் திருப்பிக் கொண்டுபோக மனமில்லாமல் ஒன்றின் விலைக்கு இரண்டு கொடுப்பார். கடைசி நாள் சீசன் என்றால் என்ன என்று எங்கள் லயத்தில் எந்தப் பெண்ணைக் கேட்டாலும் சொல்வாள்.

என் மகளுக்கு அந்தக் கடைசி நாள் ஒருதரமாவது கிடைக்கவேண்டும் என்று எனக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. அவள் பிறந்தது 2016இல். அவளுக்கு விவரம் தெரியத் தொடங்கிய 2019இல் ஏப்ரல் 21ஆம் திகதி குண்டுகள் வெடித்தன, நாடு முழுக்க ஊரடங்கு. 2020இல் கொரோனா. 2022இல் பெட்ரோலுக்கும் எரிவாயுவுக்கும் வரிசை. இராட்டினத்தைப் பற்றி யார் நினைத்தார்கள்? பிறகு ஒரு வருடம் அம்மை போட்டது, ஒரு வருடம் கையில் காசில்லை. இந்த வருடம்தான் எல்லாம் கூடி வந்தது.

திட்டம் சின்னது. நானும் அம்மாவும் மகளும் காலையிலேயே போவது. மனைவி மதியக் கொழுந்தை மடுவத்தில் நிறுத்துக் கொடுத்துவிட்டு, அரைப்பேரோடு இறங்கி, 2 மணி பஸ்ஸில் வந்து சேர்வது. அரைப்பேர் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: நாள் முழுக்க நின்று, போட்ட கிலோவை எடுத்தால் முழுப்பேர்; அரை நாளோடு வந்துவிட்டால் பாதிச் சம்பளம். அப்போது அடிப்படை நாட்சம்பளம், 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் போட்டபடி, 1350 ரூபாய். அதில் பாதி 675. உங்கள் திடலைப் பார்க்க என் மனைவி வாசலில் நீட்டுகிற டிக்கெட்டுக்கு முன்பே கட்டிவிட்டு வந்த கட்டணம் அது.

காலை நன்றாகத்தான் இருந்தது, அதையும் சொல்லவேண்டும். சிவப்புச் செங்கல் தபாலகத்தின் முன்னால் மகளை நிறுத்திப் படம் எடுத்தேன். 1894இல் கட்டியது என்றதும், அப்பாயி அப்போது என்ன வகுப்பு என்று கேட்டாள். அம்மாவுக்குச் சிரிப்பு அடங்கச் சிறிது நேரம் ஆயிற்று. பிறகு விக்டோரியாப் பூங்கா. விக்டோரியா ராணி பட்டத்துக்கு வந்து அறுபதாம் ஆண்டு என்று 1897இல் பெயர் வைத்தார்களாம். அம்மாவுக்கு அந்த ராணியோடு எந்தக் கணக்கும் இல்லை, பூவோடுதான்.

மாதக் கடைசி என்பதால் பாத்திகள் களைத்துப்போயிருந்தன. முந்திய நாள் மழையைக் குடித்த டேலியாக்கள் தலை தாங்காமல் சாய்ந்து கிடந்தன. அம்மா ஒவ்வொரு பாத்திக்கும் முன்னால் நின்று இலையைத் திருப்பி அடிப்பக்கம் பார்த்தார். நோட்டம் பார்க்கிறவர் என்று யாராவது நினைத்திருப்பார்கள். திடீரென்று பெருவிரலும் சுட்டுவிரலும் சேர்ந்தன. வாடிய பூவொன்று கணுவோடு கிள்ளுப்பட்டு அவர் உள்ளங்கைக்குள் போயிற்று. இன்னொன்று. இன்னொன்று. கண் அங்கே இல்லை, கை மட்டும் தன் பாட்டில் வேலை செய்தது. பாத்திக்கு அந்தப் பக்கம் நின்ற தோட்டக்காரர் “அம்மா, பூவில் கை வைக்கக் கூடாது” என்று குரல் கொடுத்துக்கொண்டே வந்தார். வந்து அந்தக் கையைப் பார்த்தார். ஒரு நிமிடம் ஒன்றும் பேசவில்லை. பிறகு “எந்தத் தோட்டம்?” என்று கேட்டார். கால் மணி நேரம் இருவரும் யார் யாருக்கு என்ன உறவு என்று அலசி, கடைசியில் ஒரு கொண்டான் கொடுத்தானைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அந்தக் கால் மணி நேரமும் அம்மா பேசிக்கொண்டே வாடிய பூக்களைக் கிள்ளினார், அவர் தடுக்கவில்லை.

வெளியே வீதியோரக் கடையில், ஜிமிக்கிபோல் தொங்குகிற ஃபுச்சியா ஒன்றைத் தொட்டியோடு 150 ரூபாய்க்கு வாங்கினார். பத்து நாளுக்கு முன்னால் 400 சொன்னார்களாம், பக்கத்து லயத்துப் பெண் சொல்லி அம்மாவுக்கு அதுவும் தெரிந்திருந்தது.

திடலுக்கு வந்தபோது பத்தரை மணி. டிக்கெட் கூண்டில் இருந்தவரிடம் நான் தெளிவாகக் கேட்டேன்: மாலை வரை ஓடுமா? ஓடும் என்றார். ஒரு டிக்கெட் 200 ரூபாய். அம்மா இராட்டினத்தை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் தரையில் நிற்பதே தனக்குப் போதும் என்றதால் மூன்று வாங்கினேன். மகள் அப்போதே ஏறியிருக்கலாம். தன் அம்மா வந்த பிறகுதான் ஏறுவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். மேலே போனால் எங்கள் மலை தெரியுமா என்று அவளுக்கு ஒரு சந்தேகம். அதைத் தன் அம்மாவோடு சேர்ந்துதான் தீர்க்கவேண்டுமாம்.

காத்திருந்தோம். மகள் மரணக்கிணற்றுச் சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொண்டாள், பஞ்சுமிட்டாய் தின்றாள், வளையம் எறிந்து தோற்றாள். பன்னிரண்டரைக்கு ஏப்ரல் மாதத்து வழக்கப்படி இடியோடு மழை பிடித்தது. ஒரு கடையின் தாழ்வாரத்தில் ஒதுங்கி, கொண்டுவந்த ரொட்டியையும் கட்டச்சம்பலையும் சாப்பிட்டோம். மழை விட்டதும் வெளியே வந்து பார்த்தால், இராட்டினத்தின் மேல் ஒரு பையன் ஏறிக்கொண்டிருந்தான்.

பழுது பார்க்கிறான் என்றுதான் முதலில் நினைத்தேன். முதல் தொட்டில் இறங்கியபோதுதான் விளங்கியது. மேலே இருந்தவன் ஸ்பானரால் நட்டைத் திருகி, போல்டை உருவி, கீழே விரித்திருந்த சாக்கில் போட்டான். ஈரச் சாக்கில் இரும்பு விழுந்தால் சத்தம் பெரிதாக வராது, தொப்பென்று ஒரு ஒலி. எண்ணிக்கொண்டே இருந்தேன். இரும்புக் கடையில் இருக்கிறவனுக்கு அதில் வேறு ஒன்றும் கண்ணில் பட்டது: மழையில் நனைந்த இரும்புச் சட்டத்தில், இடுப்பில் பட்டி இல்லாமல், ரப்பர்ச் செருப்போடு அந்தப் பையன் நின்றான். கீழே கயிறுகூடக் கட்டவில்லை, பிள்ளைகள் குறுக்கே ஓடிக்கொண்டிருந்தார்கள். இரண்டங்குலப் போல்ட் ஒன்று கை தவறினால் என்ன ஆகும் என்று நான் விவரிக்கத் தேவையில்லை.

கீழே நின்ற பையனிடம் விசாரித்தேன். சிலாபத்துப் பக்கம். பாதிச் சிங்களமும் பாதித் தமிழுமாக, மரியாதையாகத்தான் பேசினான். இரவு பன்னிரண்டு மணிக்குள் திடலைத் துப்புரவாக ஒப்படைக்கவேண்டும், பிந்தினால் தண்டம், லொறி ஐந்து மணிக்கு வருகிறது, நாளைக்கு மே தினம் என்பதால் ஆள் பிடிக்க முடியாது என்றான். டிக்கெட்டைக் காட்டினேன். கூண்டைப் பார்த்தான், நானும் பார்த்தேன். கூண்டில் ஆள் இல்லை.

இரண்டு பத்துக்கு மனைவி வந்தாள். மலையிலிருந்து நேராக வீட்டுக்கு ஓடி, முகம் கழுவி, புத்தாண்டுச் சேலையைச் சுற்றிக்கொண்டு வந்திருந்தாள். விரல் இடுக்குகளில் கொழுந்துக் கறை அப்படியே இருந்தது. அது ஒரு கழுவலுக்குப் போகாது. இராட்டினத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. மகள்தான் அவள் கையைப் பிடித்து இழுத்து, “மேலே இன்னும் நான்கு தொட்டில் இருக்கிறது, கேட்டுப் பாருங்கள் அம்மா” என்றாள். அந்தச் சிலாபத்துப் பையனுக்கு அது கேட்டுவிட்டது. கழற்றித் தரையில் வைத்திருந்த நீலத் தொட்டில் ஒன்றைத் தன் சட்டையால் துடைத்து, இரண்டு பேரையும் உட்காரச் சொன்னான். கம்பியைக்கூட முறையாகப் பூட்டினான். நான் படம் எடுத்தேன். சேற்றில் கிடக்கிற தொட்டிலுக்குள் ஒரு அம்மாவும் மகளும் சிரிக்காமல் உட்கார்ந்திருக்கிற படம். எங்கள் சீசன் படம் அதுதான்.

கோபம் அந்தப் பையன்கள் மேல் இல்லை. ஒரு மாதம் மழையிலும் குளிரிலும் கூடாரத்தில் படுத்தவர்கள், வீட்டுக்குப் போகவேண்டும் என்று கை பறப்பது நியாயம். முதலாளியையும் முழுக்கக் குறை சொல்ல முடியாது, தண்டம் கட்ட யாருக்கு மனம் வரும்? பிழை காகிதத்தில் இருக்கிறது. அந்தப் பையன் சொன்னது சரியென்றால், சீசன் முடிகிற நாளும் திடலை ஒப்படைக்கிற நாளும் ஒன்றாக இருக்கின்றன. முப்பதாம் திகதி இரவே இடம் காலியாகவேண்டும் என்றால் முப்பதாம் திகதி பகலிலேயே சீசன் செத்துவிடும். இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கணக்கு வேண்டாம், என் கணக்கே போதும்.

ஆகவே குத்தகைப் பத்திரத்தில் ஒரு வரியை மாற்றுங்கள். ஒப்படைக்கிற நாளை மே 3 என்று போடுங்கள். இடையில் உள்ள இரண்டு நாளுக்கு வாடகை வாங்காதீர்கள், அல்லது வாங்குவதானால் ஆரம்பத்திலேயே மொத்தத்தில் சேர்த்துவிடுங்கள். அதற்குப் பதிலாக, 30ஆம் திகதி இரவு எட்டு மணி வரைக்கும் எந்த ஆட்டத்தையும் கழற்றக் கூடாது, ஆட்கள் திடலில் இருக்கும்போது மேலே ஏறக் கூடாது என்று எழுதி வாங்குங்கள். பகல் வெளிச்சத்தில், காய்ந்த இரும்பில், அவசரமில்லாமல் கழற்றலாம். செருப்போடு மேலே நின்ற பையனுக்கும் அது நல்லது.

இன்னொன்று பஸ். இந்தத் திடலின் அழகே விளக்குப் போட்ட பிறகுதான் என்று வந்தவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். நான் பார்த்ததில்லை. எங்கள் பக்கத்துக் கடைசி பஸ் மாலை 6.15க்குப் புறப்பட்டுவிடும், விளக்குப் போடுகிற நேரத்தில் நாங்கள் படியில் தொங்கிக்கொண்டிருப்போம். சீசனுக்காகக் கொழும்புக்கு மேலதிக பஸ் விடுகிறார்கள், நல்லது. கடைசி நாள் ஒரு நாளைக்கு மட்டும், தோட்டப் பக்கங்களுக்கு இரவு எட்டரைக்கு ஒவ்வொரு பஸ் விடச்சொல்லி நீங்கள் கேட்டால் மறுப்பார்களா? டிக்கெட் எடுத்துத்தான் ஏறுவோம், இலவசமாகக் கேட்கவில்லை.

ஒலிபெருக்கியைப் பற்றியும் ஒரு வார்த்தை. அன்று திடலில் கால்வாசிக்கு மேல் எங்கள் ஆட்கள்தான், சேலையையும் பேச்சையும் வைத்துச் சொல்கிறேன். ஆனாலும் நான் நின்ற ஐந்து மணி நேரத்தில் அறிவிப்பு சிங்களத்தில் வந்தது, ஆங்கிலத்தில் வந்தது. தமிழில் வந்தது ஒரே ஒரு தடவை, அதுவும் காணாமல் போன பிள்ளை தமிழ்ப் பிள்ளையாக இருந்ததால். மதியத்தோடு ஆட்டங்கள் நிறுத்தப்படும் என்று காலையிலேயே ஒருவேளை சொல்லியிருப்பார்கள். சொல்லியிருந்தால் அது எங்கள் காதுக்கு வரவில்லை. தமிழும் அரசகரும மொழி என்று 1987இல் அரசியலமைப்பிலேயே எழுதியாயிற்று. அதை இராட்டினக் கூண்டுப் பலகை வரைக்கும் கொண்டுவர இன்னும் எத்தனை வருடம் வேண்டும்?

மலசலகூடத்தைப் பற்றி எழுத நினைத்தேன். வேண்டாம், அதற்குத் தனி மடல் வேண்டும்.

மாலையில் ஏரிக்கரையில் நடந்தோம். அங்கே அன்னப் படகுகள் இன்னும் ஓடின, அவற்றைக் கழற்றிக் கொண்டுபோக ஏற்பாடு இல்லை என்பதால் தப்பித்தன. கிரகெரி என்கிற ஆளுநர் 1873இல் வெட்டுவித்த ஏரி என்று பலகையைப் பார்த்து மகளுக்குச் சொன்னேன். வெட்டியது யார் என்று கேட்டாள். பலகையில் அது இல்லை. மனைவி மட்டக்குதிரைகள் கொட்டிலுக்குத் திரும்புவதைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். குதிரைக்கும் அரைப்பேர் உண்டா என்று கேட்டாள். அன்று அவள் சிரித்தது அப்போதுதான்.

6.15 பஸ்ஸில் அம்மாவுக்கு மட்டும் இடம் கிடைத்தது. ஃபுச்சியாத் தொட்டியை மடியில் வைத்து, வழி நெடுக அதன் மேல் யாருடைய பையும் படாமல் பார்த்துக்கொண்டார்.

அடுத்த சீசனுக்கான குத்தகைப் பத்திரத்தை எப்படியும் மார்ச் மாதத்துக்குள் எழுதுவீர்கள் என்பதால் இப்போதே சொல்லி வைக்கிறேன். மனைவி கங்காணியிடம் அடுத்த ஏப்ரல் 30க்கு இப்போதே சொல்லிவிட்டாள். அவரும் தலையை ஆட்டியிருக்கிறார். அந்த மூன்று டிக்கெட்டுகளும் மகளின் கணிதக் கொப்பிக்குள் இருக்கின்றன. கணக்கு எழுதுகிறவன் என்பதால் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டேன்: எந்தத் திகதி வரைக்கும் செல்லும் என்று அவற்றில் எங்கேயும் அச்சடிக்கவில்லை.

இப்படிக்கு,
நானுஓயாப் பக்கத்து லயம் ஒன்றிலிருந்து,
மூன்று டிக்கெட் வாங்கியவன்